சண்டிகர் நகர அமைப்பு: வீட்டு வகை, செக்டர், சுற்றுப்புற எல்லை – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்திய விடுதலைக்குப் பின் முழுமையாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரங்களுள் சண்டிகர் முதன்மையானது. இந்நகரைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் லெ கார்பூசியே வடிவமைத்த தலைமை வளாகத்தையே மையமாகக் கொண்டுள்ளன. இக்கட்டுரை அரசு ஊழியர் வீட்டு வகைகள், செக்டர், சுற்றுப்புறக் கட்டுப்பாட்டு மண்டலம் ஆகிய மூன்றையும் நகரின் அடிப்படைக் கூறுகளாகக் கொண்டு அதன் அமைப்பை ஆராய்கிறது. கடைநிலை ஊழியருக்கும் தனிக் குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் கொண்ட வீட்டை வழங்கிய அதே திட்டம், நகரைக் கட்டிய தொழிலாளரைக் கணக்கில் கொள்ளவில்லை. இவ்விரு பண்புகளும் ஒரே நிர்வாக முறையிலிருந்து பிறந்தவை என்பதும், இன்று நடைபெறும் மரபுப் பாதுகாப்பு விவாதம் இதனை உணர்ந்தே நடைபெற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: சண்டிகர், நகரமைப்பு, நவீனக் கட்டடக்கலை, வீட்டு வகை, செக்டர், சுற்றுப்புறக் கட்டுப்பாடு, மரபுப் பாதுகாப்பு

1. முன்னுரை

திட்டமிட்ட நகரம் என்பது வரைபடத்தில் பிறந்து நிலத்தில் வளர்வது. பிற நகரங்கள் தொழிலாலும் வழிபாட்டாலும் வணிகத்தாலும் படிப்படியாகத் திரண்டவை. திட்டமிட்ட நகரமோ, யார் எங்கே வாழ்வார், எவ்வழியே நடப்பார், எங்கே பொருள் வாங்குவார் என்பனவற்றை முன்கூட்டியே கருதிப் பார்த்து எழுந்தது. ஆகவே அத்தகைய நகரை ஆராய்வோர் அதன் கட்டடங்களின் அழகை மதிப்பிடுவதோடு நிற்க இயலாது. அதன் வரைபடம் எத்தகைய மனிதரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதையும் கண்டறிய வேண்டியுள்ளது.

சண்டிகர் குறித்து இருவகைக் கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. முதலாவது, அதனை இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையின் உச்சங்களுள் ஒன்றாகப் போற்றுவது. இரண்டாவது, ஐரோப்பியச் சிந்தனையை இந்திய மண்ணின்மீது வலிந்து சுமத்திய முயற்சி என்று அதனைக் குறைகூறுவது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் இவ்விரு கருத்துகளுக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. இரண்டுமே நகரைத் தனியொரு கலைஞரின் படைப்பாகக் கொள்கின்றன. புகழும் பழியும் லெ கார்பூசியே ஒருவரையே சென்று சேர்கின்றன.

உண்மையில் அவர் நேரடியாக வடிவமைத்தவை தலைமை வளாகம், அரசு அருங்காட்சியகம், கலைக்கல்லூரி உள்ளிட்ட சில கட்டடங்களே. மக்கள் நாள்தோறும் புழங்கும் வீடுகள், பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், கடைகள் ஆகியவற்றைப் பியேர் ஜான்னரே, மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ ஆகியோரும், எம்.என். சர்மா, ஊர்மிளா யூலி சௌத்ரி, ஆதித்ய பிரகாஷ், ஜீத் மல்ஹோத்ரா, பி.பி. மாத்தூர் முதலான இந்திய வடிவமைப்பாளர்களும் உருவாக்கினர். அவர்கள் அனைவருக்கும் பணியின் எல்லையை வகுத்துக் கொடுத்தது பஞ்சாப் அரசு. எனவே, சண்டிகரின் இயல்பை அறிவதற்குத் தலைமை வளாகத்தைவிட அரசு வகுத்த வீட்டு வகைப் பட்டியலே பொருத்தமான தொடக்கமாகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. நகரின் தோற்றப் பின்னணி

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. கிழக்குப் பஞ்சாபின் அரசு சிம்லாவிலிருந்து இயங்கியது. எல்லை கடந்து வந்த பெருந்திரளான அகதிகளுக்கு இடமும், அரசுக்குத் தலைநகரும் ஒருசேரத் தேவைப்பட்டன. சிவாலிக் மலையடிவாரத்தில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அருகிலிருந்த சண்டி கோயிலின் பெயரால் நகரம் பெயர் பெற்றது.

முதல் வரைவை அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் உருவாக்கினார். விசிறி போல விரியும் வடிவமும் வளைந்து செல்லும் சாலைகளும் அதில் அமைந்திருந்தன. அவருடன் பணியாற்றிய மாத்யூ நோவிட்ஸ்கி 1950ஆம் ஆண்டு ஆகஸ்டில் வானூர்தி விபத்தில் இறந்ததையடுத்து, நிர்வாக அலுவலர் பி.என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் ஐரோப்பா சென்று புதிய குழுவைத் தேடினர். 1951ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா வந்த லெ கார்பூசியே, சில நாட்களிலேயே மேயரின் வரைவைத் திருத்தி நேர்க்கோட்டுச் சட்டகமாக மாற்றினார். எனினும், தலைப்பகுதியில் அரசு வளாகம், நடுவில் வணிக மையம், ஒருபுறம் பல்கலைக்கழகம், மறுபுறம் தொழிற்பகுதி என்னும் மேயரின் அடிப்படை ஒழுங்கு பெரும்பாலும் அப்படியே எஞ்சியது. 1953ஆம் ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் நகரைத் தொடங்கிவைத்தார்.

முதற்கட்டமான 1 முதல் 30 வரையிலான செக்டர்களில் 1.5 லட்சம் பேர், இரண்டாம் கட்டமும் நிறைவுற்றபின் மொத்தம் 5 லட்சம் பேர் என்பதே திட்டத்தின் கணக்கு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சண்டிகர் யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 10.55 லட்சம். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடே பின்வரும் பகுதிகளின் உள்ளீடாகும்.

3. செக்டர்: உள்நோக்கிய வாழ்விடம்

சண்டிகரின் அடிப்படை அலகு செக்டர். 800 மீட்டர் அகலமும் 1200 மீட்டர் நீளமும் கொண்ட செவ்வகம் அது. பள்ளி, அங்காடி, மருத்துவ நிலையம், விளையாட்டிடம் ஆகியன அதனுள் நடைதொலைவில் அமைகின்றன. செக்டரைச் சுற்றியோடும் விரைவுச் சாலையின் பக்கமாக எந்த வீடும் வாயில் வைத்திருப்பதில்லை. வரையறுக்கப்பட்ட சில இடங்களில் மட்டுமே உள்ளே நுழைய இயலும்.

இவ்வமைப்பை இயக்குவது லெ கார்பூசியேவின் எழுவகைச் சாலை முறை. வி-1 நகரைப் பிற ஊர்களுடன் இணைப்பது. வி-2 நகரின் பெருஞ்சாலை. வி-3 செக்டரைச் சூழ்வது. வி-4 செக்டரின் உள்ளே வளைந்து செல்லும் அங்காடித் தெரு. வி-5 உட்சுற்றுச் சாலை. வி-6 வீட்டு வாயில்வரை செல்வது. வி-7 பசும்பட்டையினூடே நடப்போர்க்கு உரியது. சாலையின் எண் கூடக்கூட வேகம் குறைகிறது. மிதிவண்டிக்கென எட்டாம் வகை பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

இம்முறையின் சிறப்பு வி-4, வி-7 ஆகிய இரண்டில் புலப்படுகிறது. வி-4 தெருவில் கடைகள் ஒரு பக்கத்தில் மட்டுமே வரிசையாக அமைந்தன. பிற்பகல் வெயில் முகப்பில் விழாதவாறு பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வி-7 பசும்பட்டை ஒரு செக்டரிலிருந்து அடுத்த செக்டருக்குத் தொடர்ந்து செல்வதால், குழந்தை வேகச் சாலையோரம் நடக்காமலே பள்ளி சேர இயலும். எம்.எஸ். ரந்தாவா முன்னின்று தேர்ந்த மரவகைகள் சாலைதோறும் தனித்த நிழலையும் பூக்காலத்தையும் அளித்தன. மோட்டார் வாகனத்தின் ஆதிக்கத்தை உலக நகரங்கள் முழுமையாக உணரும் முன்பே, நடப்பவரை அதிலிருந்து காக்கும் சிந்தனை இங்குச் செயலுருப் பெற்றது என்பதை எந்தத் திறனாய்வும் மறுக்க இயலாது.

ஆயினும் இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. வட இந்தியக் கடைத்தெரு இருபுறமும் கடைகள் நெருங்கி நிற்பது. எதிரெதிர்க் கடைகளுக்கிடையே நிகழும் கூட்டமும் பேரமும் அதன் உயிர். ஒருபுறக் கடைவரிசை அந்நெருக்கத்தைக் கலைக்கிறது. மேலும், வணிகம் எங்கே நிகழவேண்டும் என்பதைத் திட்டமே அறுதியிட்டுவிட்டதால், திட்டம் வகுக்காத இடத்தில் நிகழும் சிறுவணிகம் அனைத்தும் இயல்பாகவே விதிமீறல் ஆகிவிட்டது. அதாவது, ஒழுங்கைத் தரும் அதே கோடு குற்றத்தையும் உண்டாக்குகிறது.

4. பதின்மூன்று வீட்டு வகைகள்

அரசு ஊழியர் குடியிருப்புகள் பதவியையும் ஊதியத்தையும் அளவாகக் கொண்டு 13 வகைகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகை முதலமைச்சருக்கு உரியது. பதின்மூன்றாம் வகை கடைநிலை ஊழியருக்கு உரியது. ஒவ்வொரு வகைக்கும் பரப்பும் செலவு வரம்பும் அரசால் முன்பே வரையறுக்கப்பட்டன. வகையெண்ணுடன் வடிவமைத்தவர் பெயரின் முதலெழுத்தும் குறிக்கப்பட்டது. செக்டர்களின் வரிசையில் 13 என்னும் எண் நெடுங்காலம் இடம்பெறவில்லை. வீடுகளின் வரிசையிலோ அவ்வெண் கடைநிலையைக் குறித்து நின்றது.

இப்பட்டியலைக் காணும் எவருக்கும் முதலில் தோன்றுவது அதன் படிநிலைத் தன்மையே. புதிய குடியரசின் புதிய நகரம், அலுவலகப் படிநிலையைச் செங்கல்லால் எழுதிவைத்தது. வகையெண் தெரிந்தால் ஒருவரின் ஊதியம் தெரிந்துவிடும். உயர்நிலை வகைகள் வடக்கே, தலைமை வளாகத்தை அண்டிய பரந்த மனைகளில் அமைந்தன. தெற்கே செல்லச் செல்ல மனை சுருங்கிக் குடியடர்த்தி மிகுந்தது. மதச்சார்பற்ற, சாதி கடந்த நகரம் எனப் பேசப்பட்ட ஓரிடத்தில், பிறப்பு வரிசைக்கு மாற்றாகப் பதவி வரிசை வந்தமர்ந்தது எனலாம்.

எனினும், இக்குற்றச்சாட்டோடு ஆய்வு முடிந்துவிடுமாயின் அது பதின்மூன்றாம் வகையின் உள்ளே சென்று பாராத ஆய்வாகும். அச்சிறு வீட்டில் இரண்டு அறைகள், சமையலிடம், தாழ்வாரம், முற்றம், குளியலறை, கழிப்பறை ஆகியன இருந்தன. தண்ணீரும் மின்சாரமும் வீட்டினுள்ளேயே வந்தன. காலனிய காலத்துக் கடைநிலை ஊழியர் குடியிருப்புகளில் பொதுக்குழாயும் பொதுக்கழிப்பறையுமே பெரும்பாலும் வழக்கம் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். 1950களின் தொடக்கத்தில், சிமெண்டும் இரும்பும் கிடைத்தற்கரியனவாக இருந்த ஒரு மாநிலத்தில், அலுவலகத்தில் கோப்புகளைச் சுமப்பவரின் குடும்பத்திற்குத் தனிக் கழிப்பறை என்பது சிறு செய்தி அன்று. தண்ணீருக்காக வரிசையில் நிற்கும் பெண்ணின் நேரத்தையும், கழிவை அகற்றுமாறு பிறப்பின் பெயரால் நிர்ப்பந்திக்கப்பட்டவர் நிலையையும் அது தொட்டது. இவ்வகை வீடுகளை வடிவமைப்பதில் ஜேன் ட்ரூ முதன்மைப் பங்காற்றினார்.

வடிவமைப்பு நோக்கிலும் இவ்வீடுகள் தலைமை வளாகத்திற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. தலைமை வளாகம் கான்கிரீட்டால் ஆனது. வீடுகளோ, அங்கேயே சுடப்பட்டுக் குறைந்த விலையில் கிடைத்த செங்கல்லால் ஆனவை. செலவு வரம்பு கடுமையானதாக இருந்தமையால் அணிகலன் எதற்கும் இடமில்லை. ஆகவே, தேவையே அணியாயிற்று. துளையிட்ட செங்கல் ஜாலிச் சுவர் காற்றை உள்ளே விட்டு வெயிலைத் தடுத்தது. உள்வாங்கிய சாளரம் தனக்குத் தானே நிழல் கொடுத்தது. கோடை இரவில் வெளியே உறங்கும் வழக்கத்தை ஏற்று முற்றமும் மொட்டைமாடியும் அமைந்தன. சுவர்களை வீட்டுக்கு வீடு பொதுவாக்கி வரிசையாகக் கட்டியதால் செலவும் வெப்பமும் ஒருங்கே குறைந்தன. முதலில் கட்டி எழுப்பப்பட்ட செக்டர் 22இல் இக்கூறுகளை ஒருசேரக் காணலாம்.

ஐரோப்பிய நவீனம் இந்திய மண்ணின்மீது சுமத்தப்பட்டது என்னும் கருத்து இவ்வீடுகளின் முன் வலுவிழக்கிறது. இங்கு நிகழ்ந்தது சுமத்தல் அன்று. குறைந்த பொருள், கொடிய வெயில், இந்திய வடிவமைப்பாளரின் வட்டார அறிவு, குறைந்தபட்ச வாழ்விடம் பற்றிய நவீனக் கொள்கை ஆகிய நான்கும் ஒன்றையொன்று திருத்திக்கொண்ட நிகழ்வு. இந்திய நிர்வாகிகளும் வடிவமைப்பாளர்களும் இந்நகரின் உருவாக்கத்தில் கொண்ட செயலூக்கமான பங்கை விக்ரமாதித்ய பிரகாஷ் தமது நூலில் வற்புறுத்துவதும் இங்குக் கருதத்தக்கது.

ஆனால், இப்பட்டியலுக்கு ஓர் எல்லை உண்டு. பதின்மூன்று வகைகளும் அரசிடம் ஊதியம் பெறுவோருக்கு உரியவை. ஊதியப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வீட்டுப் பட்டியலிலும் எண் இல்லை. தனியார் மனை வாங்கும் பொருள் உடையவர் ஏல முறையில் நகருக்குள் வரலாம். அரசுப் பதவியும் இல்லாத, மனை வாங்கும் பொருளும் இல்லாத ஒருவர் நகருக்குள் வருவதற்கு வரைபடத்தில் வாயில் இல்லை. கடைநிலை ஊழியரின் வீட்டை உயர்த்திய தாராளமும், கட்டுமானத் தொழிலாளரை மறந்த குறுக்கமும் ஒரே ஆவணத்திலிருந்தே பிறந்தன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் திறனாய்வு, நகரைப் பாதியாகவே அறியும்.

5. தலைமை வளாகம்

நகரின் வடமுனையில் தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் ஆகிய மூன்று கட்டடங்கள் அகன்ற வெளியில் நிற்கின்றன. செயலகத்தின் நீளம் 254 மீட்டர். சட்டமன்றத்தின் மேலெழும் வளைந்த கான்கிரீட் கூம்பு, மின்நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரத்தை நினைவூட்டுவது. உயர் நீதிமன்றத்தின் வளைவுக் கூரை, கீழே உள்ள கட்டடத்திற்குக் குடைபோல் நிழல் தருவது. இவற்றின் கலைச்சிறப்பு பலராலும் விரிவாக ஆராயப்பட்டது. ஈண்டு அது மீண்டும் கூறப்படவில்லை.

இக்கட்டுரையின் நோக்கிற்கு இரு செய்திகளே இன்றியமையாதவை. முதலாவது, வளாகத்திலிருந்து பார்க்கையில் நகரம் கண்ணில் படாதவாறு இடையே செயற்கை மண்மேடுகள் எழுப்பப்பட்டன. வளாகத்தின் பார்வை மலைத்தொடரை நோக்கியது. வீடுகள் அப்பார்வைக்கு வெளியே வைக்கப்பட்டன. இரண்டாவது, மக்கள் கூடுவதற்கென வகுக்கப்பட்ட பெருவெளி பஞ்சாபின் வன்முறைக் காலத்தில் பாதுகாப்பு வளையத்திற்குள் சென்றது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சர் பியாந்த் சிங் செயலக வாயிலில் கொல்லப்பட்ட நிகழ்வு அக்கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது. குடியாட்சியின் சின்னமாக எண்ணப்பட்ட வெளியில் குடிமக்கள் அனுமதி பெற்றே நடக்க இயலும் என்பது இன்றைய நிலை. ஆளுநர் மாளிகை குடியாட்சிக்குப் பொருந்தாது என்னும் நேருவின் கருத்தால் கைவிடப்பட்டது. எனினும், கட்டப்பட்ட வெளியே மக்களிடமிருந்து விலகிப்போனது.

இவ்வாறு நோக்குமிடத்து, சண்டிகரின் குடியாட்சிப் பண்பைத் தலைமை வளாகத்தின் வெளியில் தேடுவதைவிடச் செக்டர் 22இன் வீட்டு முற்றத்தில் தேடுவதே பொருந்தும்.

6. வரைபடத்தில் இடம்பெறாதோர்

நகரைக் கட்டுவதற்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்தனர். அவர்களுள் இராஜஸ்தான் முதலிய வறண்ட பகுதிகளிலிருந்து வந்தோர் பலர். மண்சுமந்தும் கல்லுடைத்தும் பெண்களும் உழைத்தனர். அவர்கள் தங்கிய குடிசைத் தொகுதிகள் தற்காலிகமானவை என்றே கருதப்பட்டன. கட்டுமானம் முடிந்ததும் அவர்கள் திரும்பிச் செல்வர் என்பது திட்டத்தின் சொல்லாத எதிர்பார்ப்பு. ஆனால் நகரம் கட்டிமுடிக்கப்படும் பொருளன்று. கட்டுமானமும் தொடர்ந்தது, தொழிலாளரும் தொடர்ந்து இருந்தனர்.

மது சரின் 1982ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இக்குடியிருப்புகளையும், ரெஹ்ரி எனப்படும் தள்ளுவண்டிகளில் நடைபெற்ற வணிகத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். இவை திட்டத்திற்கு வெளியே நேர்ந்த விபத்துகள் அல்ல, திட்டமே உண்டாக்கிய விளைவுகள் என்னும் நோக்கு அவ்வாய்வின் பயன். பெருங்கடைகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கிய நகரில் மலிவாகக் காய்கறி விற்பவர் தள்ளுவண்டியைத்தான் நாட வேண்டும். வாங்குவோரும் அவரைத்தான் நாடினர். அதாவது, பதின்மூன்றாம் வகை வீட்டின் சமையலிடம் தள்ளுவண்டியை நம்பியே இயங்கியது. திட்டமிட்ட வீட்டைத் திட்டமிடாத வணிகம் தாங்கி நின்றது. திட்டக்குழுவில் பணியாற்றிய ஆதித்ய பிரகாஷே பின்னாளில் இவ்வணிகத்தை நகரமைப்பின் உட்கூறாக ஏற்க வேண்டும் என்று கருதியமை குறிப்பிடத்தக்கது.

தொழிலாளர் குடியிருப்புகள் பெயரற்றுக் ‘காலனி எண் 4’, ‘காலனி எண் 5’ என எண்ணால் அழைக்கப்பட்டன. எண்ணிடும் நகரம் அவர்களுக்கும் எண்ணிட்டது. ஆயின் அது உரிமையைக் குறிக்கும் எண் அன்று, அகற்றப்படும் வரிசையைக் குறிக்கும் எண். காலனி எண் 4, 2022ஆம் ஆண்டு மே 1ஆம் நாள், தொழிலாளர் நாளன்று, இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கணக்கெடுக்கப்பட்டோர்க்கு நகரின் ஓரப்பகுதிகளில் சிறு அடுக்ககங்கள் வழங்கப்பட்டன. அவை செக்டரின் நடைதொலைவுக் கொள்கைக்கு வெளியே அமைந்தவை.

நிலம் எடுக்கப்பட்ட கிராமங்களின் நிலையும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. முதற்கட்டத்தில் பல கிராமங்கள் முற்றாக அகற்றப்பட்டன. இரண்டாம் கட்டத்தில் புரைல், அட்டாவா, பட்டேரி போன்ற கிராமங்கள் செக்டர்களின் நடுவே அப்படியே விடப்பட்டன. விதிகள் தளர்ந்த அவ்விடங்களே இன்று குறைந்த வாடகையில் தங்க விழைவோரின் புகலிடம். வரைபடம் பழமையெனக் கருதி ஒதுக்கிய ஊர், வரைபடம் தர மறந்த வீட்டைத் தந்துகொண்டிருக்கிறது.

நெக் சந்தின் கற்பூங்கா இவ்விடத்தில் தனிப்பொருள் பெறுகிறது. சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், இடிக்கப்பட்ட ஊர்களின் ஓடுகள், உடைந்த பீங்கான், வளையல் துண்டுகள், கட்டுமானக் கழிவு ஆகியவற்றைத் திரட்டி, கட்டடம் தடைசெய்யப்பட்ட காட்டுப்பகுதியில் பல ஆண்டுகள் மறைவாக ஓர் உலகை உருவாக்கினார். விதிப்படி அது இடிக்கப்பட வேண்டியது. அலுவலர் சிலரின் ஆதரவால் அது பிழைத்து, 1976ஆம் ஆண்டு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நகரம் கழித்தவற்றைக் கொண்டே நகரின் மிகப் புகழ்பெற்ற காட்சியிடங்களுள் ஒன்று அமைந்தது. இதனைத் தனிமனித மேதைமையாக மட்டும் போற்றுவது முழுமையாகாது. ஒரு விதிமீறல் கலையென ஏற்கப்பட்டதையும், குடிசையென்னும் விதிமீறல் அவ்வாறு ஏற்கப்படாததையும் அருகருகே வைத்தே நோக்க வேண்டும்.

7. சுற்றுப்புற எல்லையும் அதன் முரணும்

1952ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சுற்றுப்புறக் கட்டுப்பாட்டுச் சட்டம், நகரைச் சுற்றி 8 கிலோமீட்டர் அளவுக்குக் கட்டடம் எழுப்புவதைத் தடைசெய்தது. 1962ஆம் ஆண்டு அவ்வெல்லை 16 கிலோமீட்டராக விரிந்தது. வேளாண் நிலத்தைக் காப்பதும், ஒழுங்கற்ற புறநகர் பெருகாமல் தடுப்பதும் சட்டத்தின் நோக்கங்கள். நகரின் அமைதிக்கும் பசுமைக்கும் இது காரணமாயிற்று என்பது உண்மை.

ஆனால் அவ்வெல்லையை முதலில் கடந்தது குடிசைவாசி அல்லர், அரசே. சண்டிமந்திர் படைமுகாம் அம்மண்டலத்தில் எழுந்தது. 1966ஆம் ஆண்டு பஞ்சாப் பிரிக்கப்பட்டு ஹரியானா உருவானபோது சண்டிகர் யூனியன் பிரதேசமாகி இரு மாநிலங்களுக்கும் தலைநகராயிற்று. சுற்றுப்புற மண்டலம் மூன்று நிர்வாகங்களுக்குள் சிதறியது. அதன்பின் பஞ்சாப் மொஹாலியையும் ஹரியானா பஞ்ச்குலாவையும் நகரின் விளிம்பிலேயே எழுப்பின. ஆக, சட்டம் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. அதனை எல்லைக்கு அப்பால் தள்ளியது. அதே சட்டம் ஏழையின் குடிசையை இடிக்க மட்டும் வலுவுடையதாக எஞ்சியது.

பிரேசிலின் தலைநகரான பிரசீலியாவுடன் ஒப்பிடுகையில் இம்முரண் தெளிவாகும். லூசியோ கோஸ்டாவின் 1957ஆம் ஆண்டுத் திட்டமும் ஆஸ்கார் நீமேயரின் கட்டடங்களும் அந்நகரை உருவாக்கின. அங்கு வீட்டு வகைகள் பதவிப்படி எண்ணிடப்படவில்லை. ஒரே தோற்றமுடைய அடுக்ககங்களில் எல்லாத் தரத்தினரும் அருகருகே வாழ்வர் என்பது எண்ணம். எனினும், 1960ஆம் ஆண்டு நகரம் திறக்கப்படும் முன்பே, 1958இல், தொழிலாளருக்கெனத் தகுவாச்சிங்கா என்னும் துணைநகர் தொலைவில் நிறுவப்பட வேண்டியதாயிற்று. ஜேம்ஸ் ஹோல்ஸ்டன் 1989ஆம் ஆண்டு நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். சமத்துவத்தை வடிவத்தில் எழுதிய பிரசீலியாவும், படிநிலையை எண்ணில் எழுதிய சண்டிகரும் கட்டியவர்களை வெளியேற்றுவதில் ஒன்றுபட்டன. ஆகவே, விலக்கலின் வேர் கட்டட வடிவத்தில் இல்லை. நகரின் மக்கள் யாவர் என முன்கூட்டியே எண்ணி முடித்துவிடும் முறையில் இருக்கிறது.

8. பாதுகாப்பு: எதனை, யாருக்காக?

2016ஆம் ஆண்டு ஜூலையில், ஏழு நாடுகளில் உள்ள லெ கார்பூசியேவின் 17 படைப்புகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது சண்டிகரின் தலைமை வளாகமும் அவற்றுள் இடம்பெற்றது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம், முதற்கட்டச் செக்டர்களில் தனி வீடுகளைத் தளந்தோறும் பிரித்து அடுக்ககங்களாக மாற்றுவதைத் தடைசெய்தது. நகரின் மரபுத் தன்மையும் திட்டமிட்ட அடர்த்தியும் அத்தீர்ப்பின் அடிப்படைகள்.

இத்தீர்ப்பை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் வலுவானவை. ஒவ்வொரு வீடும் மூன்று குடும்பங்களாகப் பிரியுமாயின் குடிநீர், கழிவுநீர், வாகன நிறுத்தம் ஆகியன தாங்கா. பசும்பட்டைகளும் கட்டட உயர ஒழுங்கும் ஒருமுறை கலைந்தால் மீட்டெடுக்க இயலாது. தனித்தனி உரிமையாளரின் இலாபத்திற்காகப் பொதுச்சொத்தாகிய நகரின் ஒழுங்கு சிதைவதை ஏற்க முடியாது.

இவ்வாதங்களை ஏற்கும்போதும் ஒரு வினா எஞ்சுகிறது. வடக்கே பரந்த மனைகளின் குறைந்த அடர்த்தி மரபெனக் காக்கப்படுகையில், அங்கே வாழ இடமின்றிப் போனோர் எங்கே செல்கின்றனர்? அவர்கள் புரைலுக்கும், துணைநகர்களின் விளிம்புகளுக்கும், வேளாண் நிலத்தை விழுங்கும் புதுக்குடியிருப்புகளுக்கும் செல்கின்றனர். நகரின் அமைதிக்கான விலையை நகருக்கு வெளியே உள்ளோர் செலுத்துகின்றனர். இதனைக் கணக்கில் கொள்ளாத பாதுகாப்பு, 1952ஆம் ஆண்டின் சுற்றுப்புற எல்லையை வேறு பெயரில் தொடர்வதாகவே அமையும்.

மரபு என்பதன் பொருளும் இங்கு மறுசிந்தனைக்கு உரியது. அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்குமெனச் செய்யப்பட்ட ஜான்னரே காலத்துத் தேக்கு நாற்காலிகள் பழம்பொருளாகக் கழிக்கப்பட்டுப் பின்னர் வெளிநாட்டு ஏலங்களில் பெருவிலைக்குப் போயின. எழுத்தர் அமர்ந்த நாற்காலி, எழுத்தரால் எண்ணிப் பார்க்கவும் இயலாத விலைப்பொருளாயிற்று. பயன்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட வடிவம் சந்தைப்பொருளாகிவிடும் என்பதற்கு இது போதிய சான்று. நகரின் வடிவத்திற்கும் இதுவே பொருந்தும்.

ஆதலின் சண்டிகரில் காக்கத்தக்க மரபு இரண்டு எனக் கொள்ளலாம். ஒன்று வடிவம்: செக்டரின் ஒழுங்கு, பசும்பட்டை, செங்கல் வீடுகளின் முகப்பு, தலைமை வளாகம். மற்றொன்று நெறி: நகரின் கடைநிலைக் குடும்பத்திற்கும் வீட்டினுள் தண்ணீரும் கழிப்பறையும் முற்றமும் உண்டு என்னும் 1950களின் தீர்மானம். முதலாவது சட்டப் பாதுகாப்பைப் பெற்றுவிட்டது. இரண்டாவதற்கு அத்தகைய காவல் ஏதும் இல்லை.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

சண்டிகரைத் தனியொரு கலைஞரின் படைப்பாகக் கருதிப் புகழ்தலும் பழித்தலும் நகரின் பெரும்பகுதியைக் கண்ணுக்குப் புலப்படாமல் செய்கின்றன. வீட்டு வகைப் பட்டியல் நகரின் அடிப்படை ஆவணமாகக் கொள்ளத்தக்கது.

பதின்மூன்றாம் வகை வீடு, குறைந்த செலவில் மாண்புடைய வாழ்விடம் இயலும் என்பதை நிறுவியது. இந்தியாவின் பொதுக் குடியிருப்பு வரலாற்றில் அதற்குத் தலைமை வளாகத்திற்கு நிகரான இடம் உண்டு. மரபுப் பட்டியல்களில் அவ்வீடுகளும் சேர்க்கப்பட வேண்டும்.

நகரின் விலக்கல், நவீனக் கட்டடக்கலையின் தவிர்க்க இயலாத விளைவு அன்று. ஊதியப் பட்டியலை மக்கள் பட்டியலாகக் கொண்டமையின் விளைவு. எனவே வடிவத்தைச் சிதைக்காமலே இக்குறையைக் களைய வழியுண்டு. வடசெக்டர்களில் அரசின் கையில் உள்ள பரந்த மனைகளில், பழைய உயர ஒழுங்குக்கு உட்பட்டே, சிறு வீட்டு வரிசைகளை அமைத்தல் அவ்வழிகளுள் ஒன்றாகலாம்.

அமராவதி, நவ ராய்ப்பூர் போன்ற புதிய தலைநகர்த் திட்டங்களை மதிப்பிடுவோர்க்கும் இம்முடிபு பயன்படும். அத்திட்டங்களின் வரைபடங்களில் சட்டமன்றத்தின் வடிவத்தை ஆராயும் முன், அதைக் கட்டப்போகும் தொழிலாளருக்கு எந்த எண்ணில், எவ்விடத்தில் வீடு குறிக்கப்பட்டுள்ளது என்பதைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.